யார் நிறுத்தலாம்?

ஆகஸ்ட் 19

இன்று முதல் நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். பெயர் மட்டும் நீளம். காலை வரை பதிவேட்டுப் பிரிவில் இருந்தவளைச் செயலாளர் குமரகுருபரன் சார் கூப்பிட்டு, "சங்கரவடிவு, பச்சைப் பிள்ளைங்க வார்டைப் புதுக் கட்டடத்துக்கு மாத்துற பொறுப்பு இனி உன்னுது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரி தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிறது. போன வருட மழைக்குத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. குறைமாதக் குழந்தைகளின் வார்டு அந்தத் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. புதுக் கட்டடம் ரயில்வே கேட்டைத் தாண்டி மேட்டில் எழும்பியிருக்கிறது, உள்வேலை பாக்கி.

மத்தியானம் முதல் கூட்டம். செயலாளர், குழந்தை மருத்துவர் ரெபேக்கா, தலைமை நர்ஸ் ஞானசெல்வம், நான். திறப்பு விழா அக்டோபர் 18 என்று செயலாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து பெரிய விருந்தினர் வருகிறார்.

"வேலை முடிஞ்சதுன்னு எதை வச்சு சார் சொல்லுவோம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ரிப்பனை வெட்டுனா முடிஞ்சது, டாக்டர்!"

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை.

வரும் வழியில் மாவு அரைக்கக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குச் செய்தியைச் சொன்னபோது, "பரவால்லையே, பெரிய ஆளாயிட்டியே" என்றார். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22

இரண்டு நாளாக உட்கார்ந்து திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதினேன். நோக்கம், இலக்கு, ஒப்படைக்க வேண்டியவை என்று மூன்று தலைப்பு. நோக்கம் என்ற இடத்தில், 'புதிய பச்சிளங்குழந்தைப் பிரிவைத் திறந்து செயல்பாட்டுக்குக் கொண்டுவருதல்' என்று எழுதியிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் ரெபேக்கா வாசித்துவிட்டு என்னை வார்டுக்குள் கூட்டிப்போனார். இத்தனை வருடத்தில் நான் உள்ளே போனது இதுதான் முதல் தடவை. கையைக் கழுவச் சொல்லி, மேலங்கி மாட்டிவிட்டார். உள்ளே ஒவ்வொரு தொட்டிலுக்கும் மேலே வெப்ப விளக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும்போல ஒரு பிள்ளை. அதன் நெஞ்சு ஏறி இறங்குவது அதன் வேலை இல்லை, பக்கத்தில் இருந்த இயந்திரத்தின் வேலை என்று சொன்னார்.

"இதுக்கு உங்க கட்டடம் வேணுமா?"

நான் யோசித்தேன். "தண்ணி வராத இடம் வேணும், டாக்டர். கரண்ட் போகாம இருக்கணும்."

"அப்ப அதை எழுதுங்க."

பழையதை அடித்துவிட்டு எழுதினேன்: 'வெள்ளமோ மின்தடையோ எந்தக் குழந்தையின் மூச்சையும் தொடக்கூடாது.' இலக்கு: பெருமழைக்கு முன் எல்லாக் குழந்தைகளையும் மாற்றுவது. ஒப்படைக்க வேண்டியவை: வார்டு, ஆக்சிஜன் குழாய், நிற்காத மின்சாரம், பழகிய நர்ஸ்கள். மின்சாரத்துக்கு ஒரு நிபந்தனையையும் டாக்டர் சேர்க்கச் சொன்னார்: எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது மெயின் சப்ளையை நிறுத்திப் பார்க்க வேண்டும். காலி அறையில் பார்த்தால் கணக்கில் வராது.

பிறகு, ஏதாவது சரியில்லை என்றால் மாற்றத்தை நிறுத்திவைக்க, நான்காவதாக ஒரு தலைப்பு போடச் சொன்னார். 'யார் நிறுத்தலாம்?'

"செயலாளர்தானே?"

"அவருக்கு விழா இருக்கு. எனக்குப் பிள்ளைங்க மேல பயம் இருக்கு. ரெண்டு பேரும் வேண்டாம். உங்க பேரைப் போடுங்க."

போட்டேன். செயலாளர் பக்கங்களைப் புரட்டாமலே கையெழுத்திட்டார்.

ஆகஸ்ட் 23

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ராத்திரி இடியாப்பம் வெளியில் வாங்கினோம்.

செப்டம்பர் 4

புதுக் கட்டடத்தின் மின்வேலை ஒப்பந்தம் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. தளப் பொறியாளராக ஆவுடையப்பன், அதாவது என் வீட்டுக்காரரையே, போட்டிருக்கிறார்கள். செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சும்மா. ஆபீஸ்ல கேக்க விட்டுப்போனதை வீட்ல கேட்டுக்கிடலாம்" என்று சிரித்தார்.

டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை.

செப்டம்பர் 26

சரஸ்வதி பூஜைக்கு வீட்டை ஒதுங்க வைத்தேன். அவர் ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். தட்டில் போட்டதைப் பாதி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். வேலை அதிகம், பாவம். கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ் பேட்டரி எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துட்டு, வந்துட்டு" என்றார்.

புதுசா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குளிக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 3

இன்று சாப்பிடும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்த எல்லா மிஷினையும் ஓடவிட்டு டெஸ்ட் பண்ணணும்னு எழுதியிருக்கல்லா, அது யாரு சொன்னது?"

"டாக்டர்."

"அவுகளுக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்? எங்கயும் அப்படிச் செய்யதில்ல. சும்மா ஜெனரேட்டர் ஓடுதான்னு பாத்தாப் போதும். அந்த வரியை எடுத்துரு."

"ஏங்க, அது கையெழுத்தான காயிதம்."

"நீதான எழுதின? நீதான எடுக்கணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மோர் கேட்டார், ஊற்றினேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஒரு ஆஸ்பத்திரியிலும் செய்யாததை இங்கே ஏன் செய்ய வேண்டும்? ஆனால் வரியை நான் எடுக்கவில்லை.

அக்டோபர் 9

டெஸ்ட் முடிந்துவிட்டது என்று அவர் சாயங்காலம் போனில் சொன்னார். எல்லாம் சரியாம். 'மின்சாரம்: முடிந்தது' என்று குறித்துக்கொண்டேன். விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும், பந்தல்காரர் வந்து நிற்கிறார், நேரில் போய்ப் பார்க்க எனக்கு எங்கே நேரம்?

வீட்டுக்கு வரும்போது அல்வா வாங்கி வந்திருந்தார். எனக்குப் பிடிக்கும் என்று. நெடுநாள் ஆயிற்று.

அக்டோபர் 13

"கரண்ட் டெஸ்டை யார் பாத்தா?" என்று டாக்டர் ரெபேக்கா கேட்டார்.

"கம்பெனி இன்ஜினியர் செஞ்சுட்டதாச் சொன்னாங்க."

"நான் கேட்டது அது இல்ல, வடிவு. நம்ம ஆளு யார் பாத்தா?"

ஞானசெல்வம் சிஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்.

"நாளைக்கு நானே பாக்கேன்" என்றேன்.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தலைவலி.

அக்டோபர் 14

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் சிஸ்டர் நான்கு நர்ஸ்களோடு புது வார்டுக்கு வந்தார். தொட்டில்களில் குழந்தைகள் இல்லை. ஆனால் வெப்ப விளக்குகள், மூச்சு இயந்திரங்கள், மருந்து செலுத்தும் பம்புகள் எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். அறை சூடாகிவிட்டது. டாக்டர் சுவரோரம் நின்றார். என் வீட்டுக்காரர் மின்பலகை அறையிலிருந்து வேகமாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன இது? முன்னாடியே சொல்லாண்டாமா?"

"மெயினை நிறுத்துங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் அவரை அப்படி ஏவியது அதுதான் முதல் தடவை.

"வடிவு..."

"நிறுத்துங்க."

நிறுத்தினார். யுபிஎஸ் பிடித்துக்கொண்டது, விளக்குகள் எரிந்தன. வெளியே ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது. ஆனால் அந்த மின்சாரம் உள்ளே வரவில்லை. தானாக மாற்றிவிட வேண்டிய பலகை மாற்றவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரியும் செத்துவிட்டது. எல்லா இயந்திரமும் சேர்ந்து கத்தின. பிறகு அதுவும் அடங்கிப்போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் காலித் தொட்டில்கள்.

சிஸ்டர் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேட்டரி பழசா?" டாக்டர் அவரிடம் கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேற சைட்ல கழட்டுனது. திறப்பு முடிஞ்சதும் புதுசு வந்துரும்னு முதலாளி சொன்னாவ."

"ஒன்பதாம் தேதி டெஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்களே, அது?"

அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை டாக்டர் கவனித்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரரா, வடிவு?"

"ஆமா, டாக்டர்."

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 15

செயலாளர் அறை. "விழா அன்னைக்குப் பிள்ளைங்க உள்ள இருக்கணும்மா. வாரவர் எதைப் பாப்பார்? காலித் தொட்டிலையா? ரெண்டு வாரத்துல எல்லாம் வந்துருமாம். அதுக்குள்ள கரண்ட் போகவா போகுது?"

"போகலாம், சார்."

"ஒம் புருஷன் வேலைதான இது? அவன் மேல உள்ள கோவத்தை ஆஸ்பத்திரி மேல காட்டுதியா?"

முதல் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான்காவது தலைப்பைக் காட்டினேன். அவர் இப்போதுதான் அதை வாசிக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நான் நிறுத்துதேன், சார்."

காகிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 18

விழா நடந்தது. காலி வார்டில் ரிப்பன் வெட்டினார்கள். பொன்னாடை, புகைப்படம், கேசரி. செயலாளர் மேடையில் என் பெயரைச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். அங்கிருந்து தளத்துக்குப் போவது சுலபமாம். சுலபம் இல்லை; எங்கள் வீட்டிலிருந்துதான் பக்கம்.

அக்டோபர் 20

தீபாவளி. அவர் வரவில்லை. மைசூர்பாகு கிண்டினேன், கெட்டியாகிவிட்டது.

நவம்பர் 12

புதுப் பேட்டரிகள் வந்து பூட்டியாயிற்று. நானே நின்று பார்த்தேன். ஜெனரேட்டருக்குத் தானாக மாற்றும் பலகை இன்னும் வரவில்லை; அது வந்த பிறகுதான் முழு டெஸ்ட். கம்பெனி ஒரு தேதி சொல்கிறது, பிறகு இன்னொன்று. அவர் என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். "மேடம்" என்கிறார்.

மழை பிடித்துக்கொண்டது. பழைய வார்டின் பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. படித்துறையில் எத்தனை படி தெரிகிறது என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். விழா அன்றே மாற்றியிருந்தால் இந்நேரம் பிள்ளைகள் மேட்டில் இருந்திருப்பார்கள் என்று செயலாளர் நேற்று கூட்டத்தில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும்.

நவம்பர் 24

(இதை 26-ஆம் தேதி உட்கார்ந்து எழுதுகிறேன்.)

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது காலைச் சாப்பாட்டு நேரம். படித்துறையில் ஒரு படியும் தெரியவில்லை. தண்ணீர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் தொட்டுவிட்டது.

வார்டில் ஒன்பது குழந்தைகள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மதியத்துக்குள்ள தண்ணி உள்ள வந்துரும். அங்க கரண்ட் நிக்குமா? மாத்தலாமா, வேண்டாமா? நீங்க சொல்லணும்."

புதுக் கட்டடத்துக்கு நனைந்துகொண்டே போனேன். அவர் மின்பலகை அறையில் இருந்தார். ஊரில் பாதிக்கு மேல் மின்சாரம் போய்விட்டது. இங்கே எந்த நிமிடமும் போகலாம்.

"ஏங்க, உள்ளதைச் சொல்லுங்க. பிள்ளைகளைக் கொண்டுவரலாமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு நாள் தாடி. "புதுப் பேட்டரி தாங்கும். எவ்வளவு நேரம் தாங்கும்னு எல்லா மிஷினையும் போட்டுப் பாக்கல, அதனால எனக்குத் தெரியாது. ஜெனரேட்டர் ஓடும். பலகை மாத்தாது, நான்தான் கையால மாத்தணும். மாத்துவேன். இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லுதீகளே!"

"தெரியாததைத்தான் தெரியாதுங்கேன், வடிவு."

ஒரு தடவை பொய் சொன்னவர். பேட்டரியை நான் கண்ணால் பார்த்திருந்தேன். மற்றதற்கு அவருடைய கைதான் ஆதாரம். அதை நம்பித்தான் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும். நான் அங்கே நின்ற நேரம் கொஞ்சம்தான் இருக்கும்.

"கொண்டு வாரோம்" என்றேன்.

திரும்பி வந்ததும் டாக்டர் ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்தார். எட்டுக் குழந்தைகளைத் தாய்மார் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே கம்பளி போர்த்தி, ஆம்புலன்ஸில் நர்ஸோடு அனுப்பலாம். ஒன்பதாவது, முப்பிடாதி என்ற தாயின் மகன். இயந்திர மூச்சில் இருக்கிறான். நுரையீரல் இன்னும் விரியவில்லை. அந்தக் குலுக்கலில், ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்க வேண்டிய நேரத்தில், அவன் தாங்க மாட்டான் என்றார் டாக்டர்.

செயலாளர் வாசலில் குடையோடு நின்றார். ஒரு மாதத்துக்கு மேலாக என்னை ஏறிட்டுப் பார்க்காதவர். "எல்லாரையும் மாத்தணும்னுதான எழுதியிருக்கு? ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? ஏத்துங்க எல்லாத்தையும்."

அது இலக்கு என்ற இடத்தில் நான் எழுதியதுதான். 'எல்லாக் குழந்தைகளையும்'. அந்தச் சொல்லை இப்போது அவர் என்னிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

"சார், எல்லாரையும் மாத்துறது இலக்கு. மூச்சு நிக்காம இருக்கணும்ங்கிறது நோக்கம். ரெண்டும் ஒத்துவரலைன்னா நோக்கத்தைத்தான் பாக்கணும். அவன் மாடிக்குப் போறான். அங்க தண்ணி வராது."

"மாடியில கரண்டு?"

"கையால மூச்சு குடுப்போம்" என்றார் டாக்டர். "நான் இருக்கேன்."

செயலாளர் குடையை மடக்கிவிட்டு முதல் ஆம்புலன்ஸின் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.

எட்டுத் தாய்மாரும் போனார்கள். ஞானசெல்வம் சிஸ்டர் கடைசி வண்டியில் ஏறினார். வண்டி கிளம்பியபோது முப்பிடாதி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை பெற்று இன்னும் உடம்பு தேறாதவள்.

"எம் புள்ளைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீக? அவன் பொழைக்க மாட்டான்னுதான?"

"இல்லம்மா, அப்படி இல்ல..."

"பொறவு ஏன்?"

நோக்கத்தையும் இலக்கையும் அவளிடம் சொல்ல முடியுமா? "நான் உங்கூட இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

குழந்தையைத் துண்டில் சுற்றி டாக்டர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். பக்கத்திலேயே ஒரு நர்ஸ், மூச்சு கொடுக்கும் ரப்பர்ப் பலூனை விரல்களால் அழுத்திக்கொண்டே ஏறினாள். நான் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கினேன். நாங்கள் மாடியை அடைந்த கொஞ்ச நேரத்தில் கீழே வார்டுக் கதவைத் தண்ணீர் தள்ளித் திறந்தது. காலித் தொட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மேலே கேட்டது. விளக்கு அணைந்தது.

முறை வைத்து அழுத்தினோம். டாக்டர், நர்ஸ், பிறகு எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். "மெதுவா. அவன் நெஞ்சைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க." இரண்டு விரல். அழுத்தினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. நான் சற்றே தாமதித்தபோது அந்தச் சின்ன நெற்றி சுருங்கியது. அதற்குப் பிறகு என் முறை முடியும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

போன் வேலை செய்யவில்லை. மேட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அங்கேயும் மின்சாரம் போயிருக்கும். அவர் அங்கேயே நிற்கிறாரா? டாக்டரும் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் தீயணைப்புப் படகில் ஞானசெல்வம் சிஸ்டர் வந்தார். கீழே இருந்தே கத்தினார். "எட்டும் நல்லா இருக்கு! கரண்டு ரெண்டு தடவ போச்சு. ஒங்க வீட்டுக்காரவுக அந்த ரூமை விட்டு நகரல. மூத்திரத்துக்குக்கூடப் போகல அந்த மனுஷன்!"

டாக்டர் ரெபேக்கா சிரித்தார். நான் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பலூன் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

படகில் ஒரு சிறிய ஜெனரேட்டரும் வந்தது. மூச்சு இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியதும் முப்பிடாதி தரையில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நவம்பர் 30

தண்ணீர் வடிந்துவிட்டது. முப்பிடாதியின் மகனை நேற்று, வெயில் அடித்த ஒரு மணி நேரத்தில், மேட்டுக்குக் கொண்டுபோனோம். அதற்கு முதல் நாளே மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். சொந்த மூச்சு. முப்பிடாதி இன்னும் என்னிடம் பேசவில்லை. என்னைக் கண்டால் குழந்தையைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறாள். இருக்கட்டும்.

டிசம்பர் 3

அவர் வீட்டுக்கு வந்தார். பையோடு. தோசை வார்த்தேன். மூன்று சாப்பிட்டார்.

"கடைசி அறிக்கையில என்னைப் பத்தி என்ன எழுதப்போற?"

"நடந்ததை."

"ஒன்பதாம் தேதியையுமா?"

"அதையும். இருபத்துநாலையும்."

"எழுது. முதலாளி என்னை வச்சிருக்க மாட்டாவ. இருந்தாலும் எழுது."

எழுதினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்னியைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

டிசம்பர் 11

அவருக்கு வேலை போய்விட்டது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாராம். மத்தியானம் முழுக்க வீட்டுக் குழாயைப் பழுது பார்த்தார்.

டிசம்பர் 19

புதுப் பலகையை வேறு ஆட்கள் வந்து பூட்டிவிட்டுப் போய் இரண்டு நாளாயிற்று. சோதனையில் சரியாக இருந்தது. இன்று மாலை வார்டில் நின்று நர்ஸ்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் பட்டென்று அணைந்தன. ரயில்வே கேட் பக்கம், பஜார், எல்லாம் இருட்டு. உள்ளே ஒரு வெப்ப விளக்குகூட இமைக்கவில்லை. ஒரு தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. சிஸ்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

வராந்தாவுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, இங்க கரண்டு போச்சு."

"ஐயோ! பொறவு?"

"போனது யாருக்குமே தெரியல."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.